செக்சீல் யாருடையது?

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் பெயின்ட் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருந்தது அந்தக் கம்பெனி. அங்கே மூளை என்று ஒன்று யாருக்காவது இருந்தால் அது தனக்கு மட்டும்தான் என்பதில் ஹில்டாவுக்கு எள்ளளவும் சந்தேகம் இருந்ததில்லை. மற்றவர்களை அவள் வெறுக்கவில்லை. வெறுக்கப்படுவதற்கும் ஒரு தகுதி வேண்டும் அல்லவா? காலையில் ராயபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, படியேறி, தன் நாற்காலியில் உட்காரும்போது சுற்றியுள்ள தலைகளை ஒருமுறை எண்ணிப் பார்ப்பாள். எல்லாம் இருக்கும். உள்ளே ஒன்றும் இருக்காது என்று நினைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குவாள்.

கப்பல் சரக்குப் பெட்டிகளை அடுக்கி வைக்கும் கன்டெய்னர் யார்டுகளின் கேட்டை நடத்தும் மென்பொருள்தான் கம்பெனியின் சரக்கு. டிரெய்லர் வந்து கேட்டில் நிற்கும். பெட்டியின் எண்ணைக் கேமரா படிக்கும். பெட்டிக் கதவில் மாட்டியிருக்கும் சீலின் எண்ணைக் கேட்டில் இருப்பவர் தட்டுவார். பேப்பரில் உள்ள எண்ணும் சீலில் உள்ள எண்ணும் ஒன்றாக இருந்தால் தடுப்புக் கம்பு உயரும், இல்லாவிட்டால் உயரக் கூடாது. மென்பொருளை எழுதுகிறவர்கள் ஓ.எம்.ஆரில் கண்ணாடிக் கட்டடத்தில் குளிரக் குளிர உட்கார்ந்து எழுதினார்கள். அது சரியாக வேலை செய்கிறதா என்று சோதித்துச் சொல்வது திருவொற்றியூர்க் குழுவின் வேலை. தப்பு தெற்கே நடக்கும், பழி மட்டும் பாலம் தாண்டி வடக்கே வந்து சேரும்.

சோதனையும் இப்போது கையால் செய்வதில்லை. ஸ்கிரிப்ட் எழுதி வைத்துவிட்டால், கம்ப்யூட்டரே முந்நூற்றுப் பதினெட்டு பொய் வண்டிகளை வரிசையாகக் கேட்டுக்கு அனுப்பும். ஒவ்வொரு வண்டிக்கும் கம்பு ஒழுங்காக நடந்துகொண்டதா என்று பார்த்து, சரி என்றால் பச்சை, தப்பு என்றால் சிவப்பு போடும். மேலாளர் ஜெகதீசனுக்கு அந்த இரண்டு நிறங்கள் மட்டும் தெரியும். டிராஃபிக் போலீசில் சேர்ந்திருந்தால் இந்நேரம் பெரிய பேர் வாங்கியிருப்பார் என்பது ஹில்டாவின் கருத்து.

குழுவில் ஆளுக்கு ஒரு ஸ்கிரிப்ட் ஃபைல். சீலைச் சரிபார்க்கிற மாதிரியான வேலை எல்லோருக்கும் வேண்டியிருக்கும். அதை ஆளாளுக்கு எழுதிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஒரு ஃபைலில் ஒருவர் ஃபங்ஷனாக எழுதி ஒரு பெயர் வைத்துவிட்டால், மற்ற ஃபைல்களிலிருந்து அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும், அது ஓடிவந்து வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுப் போகும். ஹில்டாவின் ஃபைலில் அப்படி நாற்பத்தொரு ஃபங்ஷன்கள் இருந்தன. அவற்றில் அவள் பெற்ற பிள்ளையைப் போல வைத்திருந்தது, சீலைச் சோதிக்கும் செக்சீல். நாலு மாதம் எழுதித் திருத்தியது. சீலில் துருப்பிடித்து ஓர் எழுத்து மறைந்திருந்தாலும், பேப்பரில் சுழியத்துக்குப் பதிலாக ஓ என்று யாரோ அடித்திருந்தாலும், அதற்குத் தெரியும்.

இந்த அருமை விமலுக்குப் புரியவில்லை. விமல் கூப்பிட மாட்டான், பிரதி எடுப்பான். செக்சீலை அப்படியே அள்ளிக்கொண்டு போய், தலையில் ஒரு வி எழுத்தைச் சேர்த்து, தன் ஸ்கிரிப்ட் ஒவ்வொன்றிலும் ஒட்டி வைத்திருந்தான். ஹில்டா ஒரு திருத்தம் செய்தால் அவனுடைய இருபது பிரதிகளுக்கும் அது போய்ச் சேராது. ஏன் இப்படிச் செய்கிறாய் என்று கேட்டால், "சேஃப்டிக்கு கா" என்பான். போன தீபாவளிக்கு முன்னால் ஒருநாள் அவன் லீவில் இருந்தபோது ஹில்டா இருபதையும் அழித்துவிட்டு, இருபது இடத்திலும் தன் ஃபங்ஷனைக் கூப்பிடும்படி மாற்றிவிட்டாள். "இந்த ஆபீஸ்ல செக்சீல்னா ஒண்ணுதான் கீது, அது என்னோடது" என்று மறுநாள் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள். ஜெயஸ்ரீ தலையாட்டினாள். அவள் எதற்கும் தலையாட்டுவாள். நர்மதா கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு எண்ணூர் ரோட்டில் உள்ள யார்டிலிருந்து போன் வந்தது. புது மென்பொருளை அங்கே ஒரு கேட்டில் மட்டும் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தப்பான சீலோடு ஒரு பெட்டி வெளியே போய்விட்டது. ஜெகதீசனின் முகத்தில் ஈயாடவில்லை. பதினெட்டு நாளாக முந்நூற்றுப் பதினெட்டும் பச்சை, அதைக் கலர் பிரின்ட் போட்டுச் சுவரில் வேறு ஒட்டி வைத்திருந்தார். ஹில்டாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

யார்டு கேட்டில் டிரெய்லர் ஓரங்கட்டி நின்றது. அதன் ஓட்டுநர் ஜாபர், தண்டையார்ப்பேட்டைக்காரர், பம்பரில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டைத் தாண்டிப் போனவர், பாதி ரோட்டில் நிறுத்திவிட்டு நடந்தே திரும்பி வந்து சொல்லிவிட்டு, பிறகு வண்டியையும் கொண்டுவந்து விட்டிருக்கிறார். அவர் சொல்லியிராவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது.

"இன்னா மா, நீதான் டெஸ்ட்டு பண்ற ஆளா?" என்றார் ஹில்டாவைப் பார்த்து.

"ஆமா பாய். சொல்லுங்க."

"இன்னாத்த சொல்றது? பேப்பர்ல சீலு நம்பர் நாப்பத்தியேய்னு முடியுது. பொட்டில தொங்கறது தொண்ணூத்தொண்ணுன்னு முடியுது. கேட்டுல இருக்குற ஆளு தொண்ணூத்தொண்ணுன்னுதான் கரெக்டா தட்றாரு, நான் பாத்துகினே கீறேன். சரி, தொறக்காதுன்னு பீடிய எட்தேன். ஜம்முனு தொறக்குது! மூஞ்சியப் பாத்துத் தொறக்குதா இன்னா உங்க கேட்டு?"

"சாஃப்ட்வேர்ல எதுனா..."

"எதுல வேணா இருக்கட்டும் மா. நாளைக்கு உள்ள சரக்கு மாறிக்கீதுன்னா கஸ்டம்ஸ்காரன் என்னத்தான் புட்ச்சி உள்ள வெப்பான். உங்க கேட்டயா உள்ள வெப்பான்?"

ஹில்டா பெட்டிக் கதவுக்குப் போய்ச் சீல் எண்ணைத் தானே ஒருமுறை படித்துப் பார்த்தாள். பின்னாலேயே யார்டின் பொறுப்பாளர் ரமாபாய் வந்தார். அந்த அம்மாள் சத்தம் போடவில்லை, சத்தம் போட்டிருந்தால் தேவலை. "நாளைக்குப் பதினோரு மணிக்கு உங்க ஆபீசுக்கு வர்றேன். எழுதுறவன் தப்பு பண்ணுவான், அதப் பிடிக்கத்தான் நீங்க. ஏன் பிடிக்கல, யாரோட ஃபைல்ல கோளாறுன்னு பேரைச் சொல்லுங்க. அந்த ஆள் என் வேலையில இருக்கக் கூடாது. பேர் இல்லேன்னா மொத்த வேலையும் உங்ககிட்ட இருக்காது" என்றார். ஜெகதீசன் எல்லாவற்றுக்கும் "கண்டிப்பா மேடம்" என்றார்.

திரும்பும் வழியில் எர்ணாவூர் மேம்பாலம் வந்தது. அதில் ஏறியதும் ஜெகதீசன் கேட்டார்.

"சீல் பாக்குற ஃபங்ஷன் பேர் இன்னா?"

"செக்சீல்."

"யார் எய்துனது?"

"நான்தான். ஆனா அதுல தப்பு இருக்காது சார்."

"ஆபீசுக்கே தெரியும் மா. செக்சீல்னா ஒண்ணுதான், அது ஒன்னோடதுன்னு நீதான் சொல்லிகினு இருப்ப. நாளைக்கு அந்தம்மாகிட்ட நான் யார் பேர சொல்றது, சொல்லு?"

ஆறு வருஷம். இந்த ஆளுக்குப் பச்சை ஏன் பச்சை என்று ஆறு வருஷமாகச் சொல்லிக்கொடுத்தவள் அவள். அவரோ கியரை மாற்றுகிற சாக்கில் அவள் பக்கம் திரும்பாமலே அவள் சீட்டைக் கிழிக்கத் தயாராகிவிட்டார். அவளுக்கு ஆத்திரம் வந்தது, அதோடு கூட, ஒரு மணி நேரத்துக்கு முன்னால் வரை தெரிந்திராத பயமும் வந்தது. ராயபுரத்தில் அவள் தெருவில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிற பெண் அவள் ஒருத்திதான். தப்பு செய்து துரத்தப்பட்டவள் என்று அதே தெருவில் நடந்து போவதை நினைக்கவே அவளுக்கு உடம்பு கூசியது. நாளை பதினோரு மணிக்குள் தன் பெயரைக் காப்பாற்றியாக வேண்டும்.

ஆபீசுக்கு வந்ததும் யாரிடமும் பேசாமல் உட்கார்ந்தாள். செக்சீலை வரி வரியாகப் படித்தாள். ஒரு குறையும் இல்லை. தன் கையெழுத்தை ரசிக்கிறவர்களைப் போல இரண்டாவது தடவை படித்தாள். பிறகு அதன் தலையில் ஒரே ஒரு வரி சேர்த்தாள்: ஒவ்வொரு முறை யாராவது இந்த ஃபங்ஷனைக் கூப்பிடும்போதும் 'ஹில்டா வந்தாச்சு' என்று திரையில் எழுதிக் காட்டு. முந்நூற்றுப் பதினெட்டு வண்டிகளையும் ஓடவிட்டாள். நாற்பது நிமிஷம் ஆகும். டீ கூடக் குடிக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் பச்சை. 'ஹில்டா வந்தாச்சு' என்று ஓர் இடத்தில்கூட வரவில்லை.

அவளுடைய செக்சீலை யாரும் கூப்பிடவே இல்லை. கூப்பிடுகிறார்கள், ஆனால் வந்து நிற்பது வேறு யாரோ. அதே பெயரில் இன்னொன்று எங்கேயோ இருக்க வேண்டும். எல்லா ஃபைல்களிலும் தேடச் சொன்னாள். தேடுவதற்கு இரண்டு நொடிகூட ஆகவில்லை. நர்மதாவின் ஃபைல், இருநூற்றுப் பன்னிரண்டாவது வரி: செக்சீல்.

மொத்தம் ஆறு வரிதான். நர்மதாவுக்குக் கொடுத்திருந்தது காலிப் பெட்டிகளின் கேட். காலிப் பெட்டிக்குச் சீல் கிடையாது. அதனால் அவள் எழுதிய செக்சீல், பெட்டி எண் மட்டும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சீல் பக்கமே போகாமல் 'சரி' என்று சொல்லிவிட்டு வந்துவிடும். காலிப் பெட்டிக்கு அது போதும். சரக்குப் பெட்டிக்கும் அதுவே போய்ச் 'சரி, சரி' என்று சொல்லிக்கொண்டிருந்தால், பதினெட்டு நாள் பச்சையாகத்தான் இருக்கும். அதற்கிடையில் ஓ.எம்.ஆர் மேதைகள் சீல் பார்க்கும் பகுதியை உடைத்து அனுப்பியிருக்கிறார்கள், யாருக்கும் தெரியவில்லை.

ஹில்டா நாற்காலியில் சாய்ந்தாள். சந்தோஷத்தில் சிரிப்பே வந்துவிட்டது. தன் மேல் தப்பில்லை! நேற்று வந்த பெண், ஒரு பெயரை வைக்கும் முன்னால் அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதா என்று தேடத் தெரியாத பெண், ஆபீஸ் முழுக்கச் செக்சீல் செக்சீல் என்று தான் கத்திக்கொண்டிருந்தது காதில் விழாத பெண். அதுவும் எட்டு மாதமாக மூன்று நாற்காலி தள்ளி உட்கார்ந்துகொண்டு! நாளைக்குப் பதினோரு மணிக்கு இதைத் திரையில் போட்டுக் காட்டினால் போதும் என்று நினைத்தாள்.

காட்டுவதற்காக எல்லாவற்றையும் எடுத்து வைக்கும்போதுதான் பட்டியல் கண்ணில் பட்டது.

சோதனைகளை ஓட்டும் டூலில் எந்தெந்த ஃபைல்களை ஏற்ற வேண்டும் என்று ஒரு பட்டியல் உண்டு. ஒரே பெயரில் இரண்டு ஃபங்ஷன் இருந்தால் அது சண்டை போடாது, முணுமுணுக்கக்கூடச் செய்யாது. பட்டியலில் யார் கடைசியோ அவருடையதை எடுத்து ஓட்டும். இது ஹில்டாவுக்குத் தெரியும், எப்போதோ படித்தது. இரண்டு பேர் ஒரே பெயரை வைக்கிற துணிச்சல் இந்த ஆபீசில் வராது என்பதால் அதற்கு மேல் அதைப் பற்றி அவள் யோசித்ததில்லை. பட்டியலை வைத்திருப்பது அவள்தான், வேறு யாரும் தொட முடியாது. அதில் ஹில்டா, விமல், ஜெயஸ்ரீ, நர்மதா என்று வருகைப் பதிவேடு போல, யார் முதலில் சேர்ந்தார்களோ அவர்கள் மேலே என்று வைத்திருந்தாள்.

ஆனால் டூல் அப்படி வைக்காது. புதிதாக ஒரு ஃபைல் சேர்ந்தால் அதைக் கொண்டுபோய் எல்லாவற்றுக்கும் மேலே உட்கார வைக்கும். பதினெட்டு நாளைக்கு முன்னால், நர்மதா எழுதி முடித்த ஃபைல் முதல்முறையாகப் பட்டியலில் வந்து சேர்ந்த காலையில், ஹில்டாவின் பெயருக்கு மேலே நர்மதாவின் பெயர் இருந்தது. அதைப் பார்த்து ஹில்டாவுக்கு எரிந்தது. காத்திவாக்கத்துக் குட்டி என் தலை மேல் ஏறி உட்காருகிறாளா? சுட்டியால் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் அடியில் விட்டாள். இடம் தெரிந்து இருக்கட்டும் என்று வாய்விட்டே சொன்னதாக ஞாபகம்.

இழுக்காமல் விட்டிருந்தால்? அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். நர்மதாவுடையதற்குக் கீழே இருந்த தன்னுடைய செக்சீல்தான் ஜெயித்திருக்கும், சரக்குப் பெட்டிகள் ஒழுங்காகச் சோதிக்கப்பட்டிருக்கும். காலிப் பெட்டிகளில் சீல் இல்லையென்று நர்மதாவின் ஸ்கிரிப்டுகள் அன்றைக்கே சிவந்திருக்கும். அன்றைக்கே பெயர் மோதுவது தெரிந்து, பத்து நிமிஷத்தில் சரிசெய்திருப்பார்கள். நர்மதாவின் ஆறு வரிகளால் ஒன்றும் கெட்டுப்போயிருக்காது, அந்த ஒரு இழுப்பு இல்லாமல் இருந்திருந்தால்.

அப்போதுதான் இன்னொன்றும் அவளுக்கு ஞாபகம் வந்தது. நர்மதா சேர்ந்த புதிதில் ஒருநாள், கையில் நோட்டோடு பக்கத்தில் வந்து நின்றாள். உங்க ஃபைல்ல இருக்கற ஃபங்ஷன என் ஃபைல்லருந்து எப்டி கா கூப்புடறது என்று கேட்டாள். ஹில்டா திரும்பாமலே சத்தமாகச் சொன்னாள்: "பேரச் சொல்லிக் கூப்புடணும். உங்க காத்திவாக்கத்துல எறா எறான்னு கூவுவீங்கல்ல, அந்த மாதிரி." விமல் விழுந்து விழுந்து சிரித்தான். நர்மதாவின் அம்மா இறால் விற்கிறவள்தான், அது எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெண்ணும் சிரித்த மாதிரி ஏதோ செய்துவிட்டு நோட்டை மூடிக்கொண்டு போனாள். அதன்பிறகு அவள் எதுவும் கேட்க வரவில்லை. கேட்டுத் தொல்லை செய்யாத பெண் என்று ஹில்டா அதை ஒரு நல்ல குணமாகவே எடுத்துக்கொண்டிருந்தாள்.

பட்டியலை மூடிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு ரமாபாய் வந்து உட்கார்ந்தார். ஜெகதீசன் சுவரில் ஒட்டியிருந்த பச்சைத் தாளைக் காலையிலேயே கிழித்துவிட்டிருந்தார். நாலு பேரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஹில்டா எழுந்து நின்று, 'ஹில்டா வந்தாச்சு' ஓர் இடத்திலும் வராததைக் காட்டினாள். பிறகு தேடிக் காட்டினாள். நர்மதாவின் ஃபைல், இருநூற்றுப் பன்னிரண்டாவது வரி, பெரிய திரையில், மஞ்சள் அடித்து.

"அப்போ இது ஒன்னோடது இல்லியா?" என்றார் ஜெகதீசன், ஏமாந்தவர் போல.

"நான்தான் நேத்தே சொன்னனே சார்."

விமலுக்குப் பேச இடம் கிடைத்துவிட்டது. "என் காப்பிய அய்க்காம இருந்திருந்தா, அதுக்குத்தான் பேரு வேறயாச்சே, இது அன்னிக்கே மாட்டிருக்கும். அப்பவே சொன்னேன், சேஃப்டிக்குன்னு" என்றான். ஆறு வருஷத்தில் அவன் சொன்ன ஒரே உருப்படியான விஷயம் அது. ஹில்டா அதைக் காதில் வாங்காதது போல நின்றாள்.

ரமாபாய் நர்மதாவைப் பார்த்தார். "நீதானாம்மா? அவங்ககிட்ட ஏற்கெனவே ஒண்ணு இருக்கும்போது நீ ஏன் புதுசா எழுதின?"

நர்மதா எழுந்து நின்றாள். எழுந்திருக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. "அக்காவோடது காலிப் பொட்டிக்கு ஒத்து வருமான்னு தெரியல மேடம். கேக்கலாம்னு ரெண்டு தபா எய்ந்து போனேன். அப்பால திரும்பி வந்துட்டேன்."

"ஏன்?"

"சும்மா மேடம்" என்றாள். இறால் கதையைச் சொல்லப்போகிறாள் என்று ஹில்டா காத்திருந்தாள். அவள் சொல்லவில்லை. ரமாபாய் திரும்பி ஹில்டாவிடம் கேட்டார்.

"ஒண்ணு கேக்கறேன். இந்தப் பொண்ணு ஃபைல்ல இருந்தா இந்தப் பொண்ணோட சோதனை மட்டும்தானே கெடணும்? எல்லாருதும் ஏன் கெட்டுது?"

ஹில்டா மஞ்சள் அடித்த வரியின் பக்கம் திரும்பிக்கொண்டாள். "ஒரே பேர்ல ரெண்டு இருந்தா இந்த டூல் ஒண்ணத்தான் எடுத்துக்கும் மேடம்" என்றாள். அது முழு உண்மை. எதை எடுக்கும், ஏன் அதை எடுக்கும் என்று அடுத்த கேள்வி வர வேண்டும். மண்டையில் கொஞ்சம் ஏதாவது இருக்கிற யாருக்கும் அது வரும். அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஜெகதீசன் தலையாட்டிக்கொண்டிருந்தார். ஜெயஸ்ரீயும் தலையாட்டினாள். விமல் தன் காப்பிகளை நினைத்து உருகிக்கொண்டிருந்தான். ரமாபாய் "ஓ, அப்படியா" என்று எழுதிக்கொண்டார்.

கேள்வி வரவில்லை. ஆறு வருஷமாக எந்த மக்குத்தனத்தைப் பார்த்து அவள் மூக்கைச் சுருக்கினாளோ, அதே மக்குத்தனத்தின் பின்னால் இப்போது ஒளிந்துகொண்டு நின்றாள். இடம் வசதியாகத்தான் இருந்தது. வாயைத் திறந்து இன்னும் ஒரு வாக்கியம் சொன்னால் போதும், பட்டியலைப் போட்டது நான்தான் என்று. சொன்னால் இன்று மாலை பஸ்ஸில் பையோடு போவது அவளாக இருக்கலாம். அவள் திரையை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"சரி" என்றார் ரமாபாய் பேனாவை மூடிக்கொண்டு. "இந்தம்மா நல்லா கண்டுபிடிச்சாங்க. இனிமே எல்லாருடைய ஃபைலையும் இவங்க பார்த்துத்தான் விடணும்." ஜெகதீசன் "கண்டிப்பா மேடம்" என்றார். நர்மதாவைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை. அவள் நிரந்தரம் ஆகாதவள். மத்தியானத்துக்குள் கடிதம் அடித்துக் கொடுத்துவிட்டார்கள்.

இரண்டு மணி சுமாருக்கு நர்மதா பையை மாட்டிக்கொண்டு ஹில்டாவின் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அழுதிருக்கிறாள் என்பது தெரிந்தது, ஆனால் இப்போது அழவில்லை. மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டு இன்னும் மேலே வரவில்லை. கீழே கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.

"இன்னா நர்மதா?" என்றாள் ஹில்டா. குரலை மென்மையாக வைத்துக்கொள்ள முயன்றாள், பழக்கமில்லாததால் அது வேறு எப்படியோ வந்தது. "வேற எடத்துல சீக்கிரம் கெடச்சிரும். மனச உட்றாத."

"இல்ல கா. உங்களாண்ட ஒரு டவுட்டு கேக்கணும்."

"கேளு."

நர்மதா பையிலிருந்து நோட்டை எடுத்தாள். "அடுத்த எடத்துலயும் இந்தத் தப்பப் பண்ணிறக் கூடாது, அதுக்குத்தான் கேக்குறேன். ஒரே பேர்ல ரெண்டு இருந்தா ஒண்ணத்தான் எடுக்கும்னு சொன்னீங்க. எத்த எடுக்கும்?"

இந்த ஆபீசில், அந்த மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்த அத்தனை பேரில், ஒரே ஒரு தலைதான் அதைக் கேட்டது. ஹில்டாவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை, நோட்டைப் பார்த்தாள். தெரியாது என்று சொல்லிவிடலாம். தனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை, இந்தப் பெண்ணிடமா சொல்லப்போகிறாள்?

"லிஸ்ட்டுல கடசியா கீறத எடுக்கும்" என்றாள்.

நர்மதா எழுதிக்கொண்டாள். எழுதிவிட்டு யோசித்தாள். "ஆனா புது ஃபைல சேத்தா மேலதான கா போவும்? நான் சேத்தப்ப என்னோடது உங்களுக்கு மேலதான் வந்துச்சு, நான் பாத்தேன். அப்டின்னா உங்களோடதத்தான எடுத்துருக்கணும்?"

ஹாரன் சத்தம் நின்று மறுபடி தொடங்கியது.

"அந்த லிஸ்ட்ட யாருக்கா மாத்தனது?"

"நான்தான்."

"எதுக்கு?"

எதற்கு என்று ஹில்டாவுக்கு நன்றாகத் தெரியும். இடம் தெரிந்து இருக்கட்டும் என்பதற்கு. அதை நோட்டில் எழுதிக்கொள்ளும்படி எப்படிச் சொல்வது? அவள் கீபோர்டின் விளிம்பைத் துடைத்தாள், அங்கே தூசி எதுவும் இல்லை.

நர்மதா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் அங்கேயே கிடைத்துவிட்டது போலிருந்தது. அவள் கோபப்படுவாள், கத்துவாள், ஜெகதீசனிடம் ஓடுவாள் என்று ஹில்டா எதிர்பார்த்தாள். அப்படி ஓடினால்கூடத் தேவலை என்று ஒரு கணம் ஆசைப்பட்டாள்.

"காத்தால மேடமாண்ட இத்த சொன்னீங்களா?"

"இல்ல."

நர்மதா நோட்டை மூடிப் பைக்குள் வைத்தாள். ஜிப்பை இழுத்தாள். எட்டு மாதமாக வாய் நிறைய அக்கா, வாங்க, போங்க என்றே பேசிக்கொண்டிருந்தவள்.

"இவ்ளோதானா நீ?" என்று கேட்டுவிட்டு, படியிறங்கிப் போனாள்.